பிரியாணி ஆறுவதற்குள் ஒரு ஜெபம்

சபையில் போதகர் "யாராவது ஒருத்தர் ஜெபம் பண்ணுங்க" என்று சொல்லும்போது தப்பிப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. அவருடைய பார்வை நம் பக்கம் திரும்புவதற்கு முன்பே கண்ணை மூடி, தலையைக் குனிந்து, உதட்டை லேசாக அசைக்க வேண்டும். ஏற்கெனவே ஜெபித்துக்கொண்டிருக்கிறவனை எழுப்பி ஜெபம் பண்ணச் சொல்ல எந்தப் போதகருக்கும் மனசு வராது. இந்த ஒரே வித்தையை வைத்துக்கொண்டு நான் அறுபது வயதைத் தாண்டிவிட்டேன். பக்திமான் என்று பெயர் வேறு. என்னத்தைச் சொல்ல.

வீட்டு ஜெபக்கூட்டங்கள்தான் ஆபத்து. பத்துப் பேர் பாயில் வட்டமாக உட்கார்ந்திருக்கும்போது கண்ணை மூடினால் தூங்குகிறான் என்று நினைத்துவிடுவார்கள். அங்கே எனக்கு இருமல் வரும். அல்லது வண்டியைப் பூட்டினேனா என்ற சந்தேகம் வரும். வாசலுக்குப் போய் வண்டியை இரண்டு தரம் சுற்றிப் பார்த்துவிட்டு, உள்ளே "ஆமென்" என்று சத்தம் கேட்ட பிறகு, கவலை தீர்ந்த முகத்தோடு திரும்பி வருவேன். அதற்குள் சுண்டல் கொடுக்க ஆரம்பித்திருப்பார்கள்.

ஒருமுறை மட்டும் வசமாக மாட்டிக்கொண்டேன். உறவுக்காரர் வீட்டு நிச்சயதார்த்தம். தட்டு மாற்றுவதற்கு முன்னால் பையனின் அப்பா என் கையைப் பிடித்து, "நீங்கதான் பெரியவரு, ஒரு வார்த்தை ஜெபம் பண்ணுங்க" என்றார். மண்டபமே எழுந்து நின்றது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கண்ணை இறுக்கி மூடி, எல்லோருக்கும் மனப்பாடமான பரமண்டல ஜெபத்தை ஆரம்பித்துவிட்டேன். பழக்க தோஷத்தில் கூட்டம் முழுக்க என்னோடு சேர்ந்து ஒப்பித்தது. ஆகாரம் கேட்டோம், மன்னிப்புக் கேட்டோம், நிச்சயதார்த்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மன்னிப்பு கேட்டீங்க பாருங்க, அது கரெக்டுங்க. கல்யாணம் ஆகப்போற பையனுக்கு அதுதானே ஜாஸ்தி தேவைப்படும்" என்றாள்.

அவள் என்னைப்போல் இல்லை. அவள் வாயைத் திறந்தால் ஆண்டவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார் என்று நான் கேலி செய்வேன். முக்கியமாக கிறிஸ்மஸ் மத்தியானம். பிரியாணி அண்டாவைக் கூடத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்து, எல்லோரையும் சுற்றி உட்கார வைத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பாள். முதல் இரண்டு வாக்கியம் சுத்தமான வேதாகமத் தமிழில் இருக்கும். தேவரீர் வருவார், கிருபை வரும், தாரும் அருளும் என்று போகும். மூன்றாவது வாக்கியத்தில் எங்கள் வேங்கிக்கால் தெருவுக்கு வந்துவிடுவாள். "அப்புறம் ஆண்டவரே, எதிர்வீட்டுப் பொண்ணுக்கு இன்னும் வரன் அமையல, அதைக் கொஞ்சம் பாருங்க" என்பாள். மகள், மருமகன், பேத்தி, அண்ணனுடைய ரத்தக் கொதிப்பு, பால்காரரின் சினை மாடு, மாவட்ட ஆட்சியருக்கு நல்ல புத்தி, பௌர்ணமிக்கு மலை சுற்றுகிறவர்களுடைய கால். "செருப்பு இல்லாம நடக்கறாங்க ஆண்டவரே, கண்ணாடித் துண்டு எதுவும் குத்தாமப் பாத்துக்குங்க" என்று அவள் வேண்டிக்கொண்டதைக் கேட்டு ஒரு வருஷம் அவள் அண்ணன் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டார்.

என்னுடைய முறை கடைசியில் வரும். "இந்த மனுஷனுக்குக் கோவம் கம்மியாகணும். சக்கரையும் கம்மியாகணும்." நான் தொண்டையைச் செருமுவேன். அவள் மூச்சு வாங்க நிறுத்தும் இடம் பார்த்து நைசாக "ஆமென்" என்று முடித்துவைக்கப் பார்ப்பேன். "இன்னும் முடியலைங்க" என்று கண்ணை மூடியபடியே சொல்லிவிட்டுத் தொடருவாள். பிரியாணி ஆறிப்போவது உறுதி. ஆறின பிரியாணிதான் எங்கள் வீட்டுக் கிறிஸ்மஸ் பிரியாணி.

போன வருஷம் ஆடி கழிந்த கையோடு அவள் செத்துப்போனாள். சபையில் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று அறிவித்தார்கள். நித்திரை என்றால் எழுப்பினால் எழ வேண்டும். நான் எழுப்பிப் பார்த்தேன்.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவளை மூன்றாம் நாள் தீவிர சிகிச்சைக்குள் கொண்டுபோய்விட்டார்கள். வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது, வாழ்க்கையிலேயே முதல்முறையாக நான் சொந்த வார்த்தையில், வாய்விட்டு, வெட்கமில்லாமல் ஜெபித்தேன். கண்ணை மூடக்கூடத் தோன்றவில்லை. "இவளை விட்டுடுங்க ஆண்டவரே, வேற எது வேணாலும் எடுத்துக்குங்க" என்றேன். பக்கத்தில் பிளாஸ்டிக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா பயந்துபோய் எனக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அன்று சாயங்காலமே அவள் போய்விட்டாள். ஆட்சியர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை மனு வாங்கியே வாழ்ந்தவன் நான். யாருடைய மனுவையும் இவ்வளவு வேகமாக நாங்கள் நிராகரித்ததில்லை.

அதோடு ஆண்டவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிறு தவறாமல் சபைக்குப் போனேன், பாட்டுக்கு வாயசைத்தேன், காணிக்கை போட்டேன். 'ஆமென்' மட்டும் சொல்லவில்லை. ஊழியர் சங்கத்தில் இருந்த காலத்தில் சட்டையில் கறுப்புப் பட்டை குத்திக்கொண்டு வேலை பார்த்துப் போராடுவோம், அந்த மாதிரி. அதிகாரிகள் அந்தப் பட்டையைத் திரும்பிப் பார்த்ததே இல்லை என்பது வேறு விஷயம்.

ஆறுதல் சொல்ல வந்தவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம். "நல்ல இடத்துக்குப் போயிருக்காங்க" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எங்கள் வீடு என்ன கெட்ட இடமா? மாடியில் அறை கட்டி, சமையலறைக்கு டைல்ஸ் போட்டு வைத்திருக்கிறேன். சிலர் வசனம் சொன்னார்கள். சொல்லும்போது என் முகத்தைப் பார்த்து, மருந்து வேலை செய்கிறதா என்று சோதிக்கிற மாதிரி நின்றார்கள். அவர்களைச் சீக்கிரம் அனுப்புவதற்காக நானும் தலையாட்டி வைத்தேன்.

டிசம்பரில் கார்த்திகை தீபக் கூட்டம் வடிந்து ஊர் கொஞ்சம் மூச்சுவிட்டபோது மகள் சென்னையிலிருந்து போன் செய்தாள்.

"அப்பா, கிறிஸ்மஸுக்கு நாங்க மூணு பேரும் வர்றோம். வேலூர்லேர்ந்து மாமாவும் அத்தையும் வர்றாங்களாம். ஸ்டார் வேணாம், புதுத் துணி வேணாம். பிரியாணி மட்டும் நான் பண்ணிடறேன். நீ ஜெபம் பண்ணிடு."

வெங்காயம் நறுக்கு என்கிற மாதிரி சொல்லிவிட்டாள்.

"மாமா வர்றாரேம்மா. அவரு பண்ணுவாரு. அவருக்குத்தான் அதெல்லாம் நல்லா வரும்."

"மாமா வேணாம்ப்பா. அடக்கத்துல மாமா பண்ணாரே ஜெபம், ஆதாம் வந்தாரு, ஆபிரகாம் வந்தாரு, மோசே வந்தாரு. எங்கம்மா வரவே இல்ல."

உண்மைதான். என் மைத்துனர், அவள் அண்ணன், வேலூரில் சபைக் கமிட்டியில் இருக்கிறவர். உலகம் உண்டான நாளிலிருந்து ஜெபத்தைத் தொடங்குவார். நடப்பு வருஷத்துக்கு வந்து சேர நேரமாகும்.

"எனக்கு வராதும்மா" என்றேன். "உனக்குத் தெரியாததா? நிச்சயதார்த்தத்துல என்ன ஆச்சு?"

மகள் சிரிக்கவில்லை. "அம்மா ஜெபத்துல என் பேரு வரும்ப்பா. எவ்ளோ நேரம் ஆனாலும் என் பேரு எப்போ வரும்னு கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருப்பேன். அது வந்தாதான் எனக்குக் கிறிஸ்மஸ். இந்த வருஷம் என் பேரை யாருப்பா சொல்லுவாங்க?"

நான் வாசலில் மணி அடிக்கிறது என்று பொய் சொல்லி போனை வைத்தேன். பிறகு கொஞ்ச நேரம் அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. பேச்சுவார்த்தை முறிந்துபோன ஒருவரிடம், ஒரு கூட்டத்துக்கு முன்னால், நல்லபடியாகப் பேச வேண்டும். பெற்ற பெண் கேட்கிறாள். என்ன செய்வேன்?

எனக்குத் தெரிந்த வேலை வரைவு எழுதுவதுதான். பேப்பரை எடுத்து உட்கார்ந்தேன். கை தானாக ஓடியது. பெறுநர்: பரம பிதா அவர்கள், பரலோகம். பொருள்: கிறிஸ்மஸ் பண்டிகை – குடும்பத்தினருக்கு ஆசீர்வாதம் வழங்கக் கோருதல் – தொடர்பாக. இதுவரை அமோகமாக வந்தது. அடுத்த வரியில் 'பார்வை' என்று எழுத வேண்டும். இதற்கு முன் இந்த விஷயமாக நடந்த கடிதப் போக்குவரத்தை அங்கே குறிப்பிடுவது அலுவலக முறை. 'பார்வை: ஆஸ்பத்திரி வராந்தாவில் வாய்மொழியாக அளித்த மனு' என்று எழுதினேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. கிழித்துப் போட்டுவிட்டேன்.

எழுத்து சரிப்படாது, வாயால் பழகிப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். வீட்டில் தனியாக உட்கார்ந்து பேசினால் சமையல்கார அம்மா மகளுக்குப் போன் போட்டுவிடுவார். நடைப்பயிற்சி நேரம்தான் வசதி. சர்க்கரைக்காக டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார், எங்கள் ஊரில் நடக்க நல்ல பாதை என்றால் கிரிவலப் பாதைதான். தினமும் விடிந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பாதி தூரம் நடப்பேன், அப்படியே திரும்பிவிடுவேன். முழுசாகச் சுற்றினால் அது கிரிவலம் ஆகிவிடும் என்று மைத்துனர் ஒருமுறை கவலைப்பட்டார். பாதி சுற்றினால் சர்க்கரைக்கு மட்டும்தான் கணக்கு. இது நானாகக் கண்டுபிடித்த சமரசம், போதகருக்கே சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பாதையில் இன்னொரு வசதி, முணுமுணுத்துக்கொண்டே நடக்கிறவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எல்லோர் வாயிலும் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். நானும் அடித்தொண்டையில், "அன்பும் கிருபையும் நிறைந்த பரம பிதாவே" என்று ஆரம்பித்தேன். அதற்கப்புறம் என்ன? இந்த நல்ல தட்பவெப்ப நிலைக்காக நன்றி. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். மறுபடி முதலிலிருந்து. எத்தனை தரம் ஆரம்பித்தாலும் தட்பவெப்ப நிலையைத் தாண்ட முடியவில்லை. நன்றி என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் போனதுமே உள்ளே ஒருவன், எதுக்குடா நன்றி என்று கேட்டான்.

அடி அண்ணாமலைக்காரர் ஒருவர் என்னோடு நடப்பார். சம்பங்கித் தோட்டம் வைத்திருக்கிறவர். அவர் முழுசாகச் சுற்றுகிற ஆள். நான் திரும்பும் இடம் வரை சேர்ந்து வருவார். நாலாவது நாள் என் வாயைக் கூர்ந்து பார்த்துவிட்டார்.

"இன்னா சார், நாலு நாளா யாரையோ திட்டிக்கிட்டே வர்றீங்க?"

"திட்டலைங்க. ஜெபம் பழகறேன்."

விஷயத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "எங்களுக்கு இந்தத் தொல்லையே கெடையாது சார். தேங்கா ஒடைச்சோமா, சூடத்தைக் கண்ல ஒத்திக்கிட்டமா, அவ்ளோதான். அவருக்குத் தெரியாதா நம்ம கதை? உங்களுக்குத்தான் வாயால பேசியாகணும். கஷ்டம்தான்."

"நல்லா வருத்தப்படறீங்க."

"வேணும்னா எங்க ஐயரைக் கூட்டியாரட்டா? இருநூறு வார்த்தைக்குக் கம்மியில்லாம சொல்லுவாரு, யாருக்கும் புரியாது, யாரும் தப்பு கண்டுபுடிக்க முடியாது."

உள்ளபடி சொன்னால் ஒரு நிமிஷம் யோசித்தேன்.

அதைவிடப் பெரிய அவமானம் அதே பாதையில், செங்கம் ரோட்டுப் பக்கம் நடந்தது. அன்று சம்பங்கிக்காரர் வரவில்லை. வெள்ளை வேட்டி கட்டி, குளிருக்குத் துண்டைத் தலையில் சுற்றி, நரைத்த தாடியோடு (அவள் போனதிலிருந்து சவரம் செய்யச் சோம்பல்) முணுமுணுத்தபடி போய்க்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ வருகிற மாதிரி இருந்தது. நின்றால் அதுவும் நின்றது. திரும்பிப் பார்த்தால் ஒரு வெள்ளைக்காரர், காவித் துணி, வெறுங்கால், கைகூப்பி நிற்கிறார். கண்ணில் அப்படி ஒரு பக்தி. நான் "நோ, நோ" என்றேன். அவர் இன்னும் தாழ்ந்து கும்பிட்டார். "ஐ ஆம் எ கிறிஸ்டியன், ரிட்டயர்டு" என்றேன். அதில் ரிட்டயர்டு எதற்கு என்று இன்றுவரை தெரியவில்லை. அவர் புன்னகை செய்து, பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து என் காலடியில் வைத்துவிட்டுப் போனார். கடவுளோடு சண்டை போட்டுக்கொண்டு திரிகிற ஒருவனுக்கு இந்த மலையைச் சுற்றி வருகிறவர்களிலேயே சிறந்த சீடன் கிடைத்துவிட்டான். பழத்தைச் சாப்பிட்டேன். சர்க்கரைக்கு ஆகாது, ஆனாலும் சாப்பிட்டேன்.

கிறிஸ்மஸ் வந்தேவிட்டது. விடியற்காலை ஆராதனையில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அவள் எப்போதும் பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில், தூணை ஒட்டி உட்காருவாள். அந்த இடத்தில் ஒரு சின்னப் பெண் பச்சைப் பட்டுப்பாவாடையோடு உட்கார்ந்து சாக்லேட் பிரித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எழுந்து வெளியே வந்துவிட்டேன். வண்டியைப் பூட்டினேனா என்று பார்க்கத்தான். பூட்டித்தான் இருந்தது. அதன் மேல் கையை வைத்துக்கொண்டு ஆராதனை முடியும்வரை அங்கேயே நின்றேன்.

மத்தியானம் கூடத்தில் பாய் விரித்து, இலை போட்டு, அண்டாவை நடுவில் வைத்தாள் மகள். அம்மா வைக்கிற அதே இடம். மருமகன், பேத்தி, மைத்துனர், அவர் மனைவி, நான். மைத்துனர் தொண்டையைக் கனைத்துச் சட்டைக் காலரைச் சரிசெய்தார். வேலூரிலிருந்தே தயாராக வந்திருக்கிறார் என்று தெரிந்தது.

"மாப்ள, நான் ஆரம்பிக்கட்டுங்களா?"

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆதாமிலிருந்து ஆரம்பித்துவிடுவார், நான் கண்ணை மூடிக்கொள்ளலாம். மகளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கண்ணை ஏற்கெனவே மூடியிருந்தாள். அவளுடைய பெயர் வரக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் முகம் அது.

"இல்ல மச்சான். நான் பண்றேன்."

அவருடைய புருவம் நெற்றி முடிகிற இடம்வரை ஏறியது. எல்லோரும் தலை குனிந்தார்கள். நானும் கண்ணை மூடினேன். இந்த முறை ஒளிந்துகொள்ள இல்லை.

"அன்பும் கிருபையும் நிறைந்த பரம பிதாவே" என்றேன். சத்தம் வெளியே வந்தது. "இந்த நல்ல தட்பவெப்ப நிலைக்காக நன்றி." மருமகன் சிரிப்பை இருமலாக மாற்றியது கேட்டது. வேறு வழியில்லை, அவள் போட்ட பாதையிலேயே போய்விடலாம் என்று ஆட்களை எண்ண ஆரம்பித்தேன். மகளின் பெயரைச் சொன்னேன். பக்கத்தில் ஒரு பெரிய மூச்சு வெளியேறியது. அவளுக்கு வேலையில் தொந்தரவு என்று சொன்னாளே, அதைச் சொன்னேன். மருமகன் பெயர். பேத்தி சரியாகச் சாப்பிடுவதில்லை. மச்சானுக்கு ரத்தக் கொதிப்பு, மாத்திரையை ஒழுங்காகப் போடுகிற புத்தி. எதிர்வீட்டுப் பெண்ணுக்கு வரன் அமைந்துவிட்டது, அதற்கு நன்றி. அட, நன்றி வந்துவிட்டதே என்று உள்ளே ஒரு சந்தோஷம். வண்டி சூடுபிடித்துவிட்டது. நிற்காமல் போனேன்.

"அப்புறம் ஆண்டவரே, அவளுக்கு அந்த முட்டி வலி. ராத்திரியில ஒரு பக்கமா திரும்பிப் படுக்க முடியல. தைலம் தேச்சும் கேக்கல. மாடிப்படியில கையை ஊன்றி ஊன்றி ஏர்றா. அதை மட்டும் கொஞ்சம் பாத்து…"

அங்கே நின்றேன்.

அவள் போய் நாலு மாசம் கடந்துவிட்டது. நான் அவளுடைய முட்டிக்கு மருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். எங்கள் சபையில் செத்தவர்களுக்காக ஜெபிக்கும் வழக்கமே கிடையாது. அவர்களுக்காக நன்றி சொல்லலாம், எதுவும் கேட்கக் கூடாது. அந்தக் கோப்பு மூடியாகிவிட்டது என்று அர்த்தம். மைத்துனருக்கு இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்கிற பேச்சே இல்லை. சரி, தொலைந்தது, இத்தனை நாள் பழகியது நிச்சயதார்த்தத்தைவிடக் கேவலமாக முடிந்தது என்று நினைத்தேன். கண்ணைத் திறக்கத் தைரியம் இல்லை. ஆமென் சொல்லி முடித்திருக்கலாம். அதுவும் வரவில்லை. வாய் வேறெதையோ கேட்டுவிட்டது.

"இப்ப நல்லா நடக்கறாளா?"

ஆண்டவரைத்தான் கேட்டேன். அப்படிக் கேட்க நினைத்திருக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, பேத்திக்கு முன்னால், இலைக்கு முன்னால், மூக்கெல்லாம் ஒழுக. கையால் துடைத்துக்கொண்டே இன்னொரு தரம் கேட்டேன். "சொல்லுங்க. நடக்கறாளா?"

பதில் மைத்துனரிடமிருந்து வந்தது. கண்ணை மூடியபடி, தலை குனிந்தபடி, அவருக்குப் பழக்கமே இல்லாத சின்னக் குரலில் சொன்னார்.

"நடக்கறா மாப்ள. நல்லா நடக்கறா."

சொல்லிவிட்டு அந்த மனிதர் குலுங்கி அழுதார். மகள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். யார் 'ஆமென்' சொன்னது என்று நினைவில்லை, நானாகவும் இருக்கலாம். சாப்பிட்டோம். மைத்துனர் இரண்டாவது முறை கேட்டு வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் எல்லோரும் படுத்துக் கிடந்தபோது மொட்டைமாடிக்குப் போனேன். மலை எதிரே இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, என்னை நினைத்துத்தான். பெண்டாட்டி பிறந்த வீட்டுக்குப் போயிருக்கும்போது மாமனாரோடு சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருந்தால் யாருக்கு நஷ்டம்? அவள் எப்படி இருக்கிறாள், சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று கேட்க அந்த ஒரு வீட்டை விட்டால் வேறு இடம் இல்லை. நாலு மாசமாக அந்த வீட்டுக்குத்தான் போன் போடாமல் முறைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். எனக்கெல்லாம் அரசு எப்படிப் பதவி உயர்வு கொடுத்தது என்று தெரியவில்லை. கேட்டதைக் கொடுக்கவில்லை என்ற கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. அதை அவரிடம் சொல்லியும் விட்டேன், மாடியிலேயே, சத்தமாக. கோபம் இருந்தாலும் விசாரிக்கலாம் என்பது அன்றுதான் புரிந்தது. நல்ல இடத்துக்குப் போயிருக்கிறாள் என்று ஊரே சொன்னபோது எரிந்தது. அந்த இடத்துக்காரரிடமே நேராகக் கேட்க முடியும் என்றதும் மனசு ஆறியது.

மறுநாள் அவர்கள் எல்லோரும் கிளம்பிப் போனார்கள். வீடு திரும்பவும் காலியாகிவிட்டது. மத்தியானம் மிச்சமிருந்த பிரியாணியைச் சூடுபண்ணித் தட்டில் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்தேன். கேட்பதற்கு ஆள் யாரும் இல்லை, கண்ணை மூடவில்லை, தேவரீரும் வரவில்லை.

"இன்னைக்கு எப்படி இருக்கா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, சாப்பிட்டேன்.